7. திரை வராதபோது

உலாவியில் முகவரியைக் கொடுத்ததும் நோவிஎன்சி பக்கம் திறக்கிறது, கடவுச்சொல் கேட்கிறது, கொடுத்தால் வெறும் கருப்புத் திரை. சில வேளைகளில் அதுவரைகூடப் போவதில்லை. கன்டெய்னர் எழுந்த வேகத்திலேயே விழுந்துவிடுகிறது. இன்னும் சில வேளைகளில், நேற்றுவரை ஒழுங்காக ஓடிய டெஸ்க்டாப் ஒரு ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு வர மறுக்கிறது. யாரும் எதையும் மாற்றவில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது உண்மைதான்.

டெபியன் அல்லது உபுண்டு இமேஜ், அதன்மேல் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப், டைகர்விஎன்சி, உலாவி வழியே பார்க்க நோவிஎன்சி என்ற அமைப்பை இந்த அத்தியாயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். வெப்டாப், காஸ்ம் போன்ற ஆயத்த இமேஜ்களை ஓட்டுபவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். போர்ட் எண்களும் மாறிகளின் பெயர்களும்தான் இமேஜுக்கு இமேஜ் மாறும்.

முழுக் கணினி ஒன்றில் டெஸ்க்டாப் வருவதற்கு முன்னால் சிஸ்டம்டி நிறைய வேலையைச் சத்தமில்லாமல் முடித்துவிடுகிறது. எழும்போதே டெம்ப் கோப்புறையில் கிடக்கும் பழைய எக்ஸ் பூட்டுக் கோப்புகளைத் துடைக்கிறது. டி-பஸ்ஸைக் கிளப்புகிறது. பயனர் உள்ளே நுழைந்ததும் அவருக்கென்று ‘/ரன்/யூசர்/1000’ போன்ற தற்காலிகக் கோப்புறையை உண்டாக்கி, வேறு யாரும் தொட முடியாதபடி 0700 அனுமதியும் கொடுக்கிறது. நம் கன்டெய்னரில் சிஸ்டம்டி இல்லை. இத்தனையையும் செய்ய வேண்டியது நீங்கள் எழுதும் என்ட்ரிபாயின்ட் ஸ்கிரிப்ட். அது எதை விட்டுவைக்கிறதோ அது பிறகு கோளாறாக வெளிவரும்.

ஆகவே எந்தக் கோளாறு வந்தாலும் இரண்டு கேள்விகளை முதலில் கேளுங்கள். இந்த ப்ராசஸ் தன் சூழல் மாறிகளை யாரிடமிருந்து பெற்றது? முந்தைய ஓட்டத்திலிருந்து எந்தக் கோப்பு மிச்சம் கிடக்கிறது? தொடக்கக் கோளாறுகளில் பெரும்பங்கு இந்த இரண்டில் ஒன்றில்தான் வந்து நிற்கும். இதைக் கேட்காமல் இமேஜை மறுபடி மறுபடி பில்ட் செய்வதில் நேரம் வீணாகும். ஏதோ ஒரு பில்டில் தற்செயலாகச் சரியாகிவிட்டால் காரணம் கடைசிவரை தெரியாமலே போகும்.

விழுந்த கன்டெய்னர் சொல்லும் எண்

கன்டெய்னர் உடனே நின்றுவிட்டால் ‘டாக்கர் பிஎஸ் -ஏ’ காட்டும் வெளியேறு எண்ணைப் பாருங்கள். 127 என்றால் ஓடச் சொன்ன கட்டளையே அகப்படவில்லை. 126 என்றால் அகப்பட்டது, ஓட்ட முடியவில்லை. பெரும்பாலும் ஸ்கிரிப்டுக்கு ஓடும் அனுமதி தரப்படவில்லை. 137 என்றால் யாரோ 9ஆம் சிக்னலால் கொன்றிருக்கிறார்கள்: நினைவகம் போதாமல் கெர்னல் கொன்றதா, ‘டாக்கர் ஸ்டாப்’ பத்து நொடி காத்திருந்து பொறுமை இழந்து கொன்றதா என்பதை ‘டாக்கர் இன்ஸ்பெக்ட்’ காட்டும் ‘ஓஓஎம்கில்டு’ என்ற புலம் சொல்லிவிடும்.

மிகவும் குழப்புவது 0. பிழையே இல்லை, ஆனால் கன்டெய்னர் நின்றுவிட்டது. விஎன்சி சர்வரைப் பின்னணியில் கிளப்பிவிட்டு ஸ்கிரிப்ட் தன் கடைசி வரியை முடித்துக்கொண்டது என்று பொருள். 1ஆம் ப்ராசஸ் முடிந்தால் கன்டெய்னரும் முடிந்தது. பின்னணியில் எத்தனை பேர் ஓடிக்கொண்டிருந்தாலும் கணக்கில்லை. கடைசி வரியில் முக்கியமான ப்ராசஸை ‘எக்ஸெக்’ என்ற சொல்லோடு முன்னணியில் ஓட்டுங்கள். டாக்கரின் ‘--இனிட்’ தேர்வையும் சேர்த்தால் டினி என்ற சிறு நிரல் 1ஆம் இடத்தில் அமர்ந்து, சிக்னல்களை ஒழுங்காகக் கடத்தும், செத்த பிள்ளை ப்ராசஸ்களையும் அப்புறப்படுத்தும். டெஸ்க்டாப்பில் பிள்ளை ப்ராசஸ்கள் ஏராளம் என்பதால் இதைத் தவிர்க்காதீர்கள்.

விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்டை அப்படியே இமேஜில் சேர்த்தவர்களுக்கு இன்னொரு வினோதம் காத்திருக்கும். கோப்பு கண்முன்னே இருக்கும், ஓடும் அனுமதியும் இருக்கும், ஆனால் ‘அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை’ என்று பிழை வரும். இல்லாமல் போனது உங்கள் ஸ்கிரிப்ட் அன்று, முதல் வரியில் குறித்த பாஷ். வரியின் இறுதியில் ஒட்டியிருக்கும் விண்டோஸ் குறியையும் சேர்த்து அதன் பெயராகக் கெர்னல் படித்துவிடுகிறது. டாஸ்2யூனிக்ஸ் நிரலால் கோப்பை மாற்றிவிட்டு, கிட்டில் ஷெல் கோப்புகளுக்கு எல்எஃப் வரிமுடிவை நிலையாக வைத்துவிடுங்கள்.

மாறி யாரிடமிருந்து வந்தது

சூழல் மாறிகளைப் பற்றிய குழப்பம் ஒரு தவறான எண்ணத்திலிருந்து பிறக்கிறது: கன்டெய்னருக்கு என்று ஒரே ஒரு சூழல் இருப்பதாக நினைப்பது. அப்படி எதுவும் கிடையாது. ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனித்தனிச் சூழல் உண்டு. பிறக்கும்போது தாய் ப்ராசஸிடமிருந்து ஒரு பிரதி கிடைக்கும், அவ்வளவுதான். வெளியூருக்குப் புறப்படும் பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு மாதிரி: அவன் கிளம்பிய பிறகு வீட்டில் என்ன சமைத்தாலும் அது அவனுக்குப் போய்ச் சேராது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டில் பாருங்கள். என்ட்ரிபாயின்ட் ஸ்கிரிப்டில் டிஸ்ப்ளே மாறியை ‘:1’ என்று எக்ஸ்போர்ட் செய்திருக்கிறீர்கள். டெஸ்க்டாப் அருமையாக வருகிறது. பிறகு வெளியிலிருந்து ‘டாக்கர் எக்ஸெக்’ கொண்டு உள்ளே போய் ஃபயர்ஃபாக்ஸைக் கிளப்பினால், டிஸ்ப்ளேயைத் திறக்க முடியவில்லை என்கிறது. ‘எக்ஸெக்’ மூலம் வரும் ஷெல் உங்கள் ஸ்கிரிப்டின் பிள்ளை இல்லை. இமேஜில் ‘இஎன்வி’ வரியால் பதிந்தவையும், ‘டாக்கர் ரன்’ செய்யும்போது ‘-இ’ கொடுத்துச் சேர்த்தவையும் மட்டுமே அதற்குக் கிடைக்கும். ஸ்கிரிப்ட் நடுவில் சேர்த்தது கிடைக்காது. டிஸ்ப்ளே போல எல்லோருக்கும் தேவைப்படும் மாறியை இமேஜின் ‘இஎன்வி’ வரியிலேயே வைத்துவிடுங்கள்.

எதிர்த்திசையிலும் இதே கோளாறு உண்டு. ‘எக்ஸெக்’ ஷெல்லில் பாத் மாறி சரியாக இருக்கிறது. டெஸ்க்டாப்பில் திறந்த டெர்மினலில் உங்கள் நிரல் அகப்படவில்லை. டெபியனின் ‘/எட்சி/ப்ரொஃபைல்’ கோப்பு பாத் மாறியைக் கூட்டுவதில்லை, தனக்குத் தெரிந்த நிலையான பட்டியலை வைத்து முழுவதுமாக மாற்றி எழுதுகிறது. லாகின் ஷெல் வழியே உங்கள் டெஸ்க்டாப் கிளம்பியிருந்தால் இமேஜில் நீங்கள் சேர்த்த ‘/ஆப்ட்’ பாதை அந்த இடத்தில் அழிந்துபோகும். ‘/எட்சி/ப்ரொஃபைல்.டி’ கோப்புறையில் ஒரு சிறு கோப்பு வைத்து அந்தப் பாதையை மறுபடி சேர்ப்பதுதான் நிலையான தீர்வு. பாஷ்ஆர்சி கோப்பில் சேர்த்தால் டெர்மினலுக்கு மட்டும் சரியாகும். மெனுவிலிருந்து திறக்கும் நிரலுக்கு அது எட்டாது. டெபியன் தரும் பாஷ்ஆர்சியின் தலையிலேயே, எதிரில் ஆள் இல்லாத ஷெல் என்றால் மேற்கொண்டு படிக்காமல் திரும்பிவிடு என்று எழுதியிருக்கிறது.

ஊகிப்பதை விட்டுவிட்டு நேரில் பார்த்துவிடலாம். எந்த ப்ராசஸுக்கும் ‘/ப்ராக்’ கோப்புறையில் அதன் எண் பெயரில் ஓர் உட்கோப்புறை இருக்கும். அதற்குள் ‘என்விரான்’ என்ற கோப்பு. அந்த ப்ராசஸ் கிளம்பும்போது கையில் இருந்த மாறிகள் அத்தனையும் அதில் இருக்கும். மாறிகளுக்கு இடையே வரிமுறிவுக்குப் பதில் சுழியக் குறி இருப்பதால், ‘டிஆர்’ கட்டளையால் சுழியத்தை வரிமுறிவாக மாற்றிப் படியுங்கள். டெஸ்க்டாப்பின் சாளர மேலாளர், அதன் தாய், அதன் தாய் என்று 1ஆம் எண் வரை ஏறிப் போனால், எந்தப் படியில் மாறி காணாமல் போனது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். ‘பிஎஸ்’ கட்டளையின் மரவடிவக் காட்சி வழிகாட்டும்.

இங்கே ஒரு தடை வரும். ரூட்டாக உள்ளே போயும் சாதாரணப் பயனரின் ‘என்விரான்’ கோப்பைப் படிக்க அனுமதி மறுக்கப்படும். டாக்கர் தன் கன்டெய்னரின் ரூட்டுக்கு, அடுத்த பயனரின் ப்ராசஸுக்குள் எட்டிப் பார்க்கும் ப்டிரேஸ் அதிகாரத்தை இயல்பாகத் தருவதில்லை. ‘டாக்கர் எக்ஸெக் -யு’ கொடுத்து அந்தப் பயனராகவே நுழைந்தால் படிக்க முடியும்.

மேற்பார்வை நிரல்கள் ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் உண்டு. சூப்பர்வைசரில் ‘யூசர்’ என்று பெயர் குறித்துவிட்டால் எல்லாம் மாறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது பயனர் எண்ணை மட்டும்தான் மாற்றும். ஹோம், யூசர் என்ற மாறிகள் ரூட்டுக்கு உரியவையாகவே நிற்கும். அதன் ‘என்விரான்மென்ட்’ வரியில் இவற்றை நீங்களே எழுத வேண்டும். எஸ்6-ஓவர்லே இன்னும் கண்டிப்பானது: ஸ்கிரிப்டின் முதல் வரியில் ‘வித்-கன்ட்என்வி’ என்று கேட்டால்தான் கன்டெய்னரின் மாறிகளைத் தரும். எக்ஸ்ஆர்டிபி வழியே வருபவர்களுக்கு அமர்வு, உள்நுழைவைச் சரிபார்க்கும் ‘பாம்’ அமைப்பின் மூலம் புதிதாகத் தொடங்குவதால், டாக்கர் ‘-இ’ மூலம் கொடுத்தது அங்கே போய்ச் சேராது. அவர்களுக்கு என்ட்ரிபாயின்ட் ஸ்கிரிப்டே தேவையான மாறிகளைத் தேர்ந்தெடுத்து ‘/எட்சி/என்விரான்மென்ட்’ கோப்பில் எழுதி வைக்கட்டும். தேர்ந்தெடுத்து என்பதை அழுத்திச் சொல்கிறேன். மொத்தச் சூழலையும் அதில் கொட்டினால் கடவுச்சொற்களும் எல்லோரும் படிக்கும் கோப்பில் போய் விழும்.

டாக்கர் கம்போஸைப் பயன்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. ‘.என்வி’ கோப்பில் எழுதிய மாறி தானாகக் கன்டெய்னருக்குள் போவதில்லை. கம்போஸ் கோப்பில் உள்ள டாலர் குறி இடங்களை நிரப்ப மட்டுமே அது பயன்படும். உள்ளே போக வேண்டுமானால் ‘என்விரான்மென்ட்’ பகுதியிலோ ‘என்வி_ஃபைல்’ பகுதியிலோ சொல்ல வேண்டும். மாறியை மாற்றிவிட்டு ‘கம்போஸ் ரீஸ்டார்ட்’ கொடுத்தாலும் பயன் இல்லை. பழைய கன்டெய்னர்தான் பழைய மாறிகளோடு திரும்ப எழும். ‘கம்போஸ் அப் -டி’ கொடுத்தால்தான் மாற்றம் தெரிந்து புதிய கன்டெய்னர் உருவாகும். கம்போஸ் இல்லாமல் ‘டாக்கர் ரன் --என்வி-ஃபைல்’ என்று ஓட்டுபவர்கள் மதிப்பைச் சுற்றி மேற்கோள் குறி போடக் கூடாது. அந்தக் குறியும் மதிப்பின் பகுதியாகவே உள்ளே போய்விடும். திரையளவு ‘1920x1080’ என்பது மேற்கோள் குறியோடு சேர்ந்து போனால் எக்ஸ் சர்வருக்கு அது புரியாது.

ரூட்டிலிருந்து இறங்கும் இடம்

நல்ல என்ட்ரிபாயின்ட் ரூட்டாகத் தொடங்கி, கோப்புறைகளைத் தயார் செய்துவிட்டு, சாதாரணப் பயனராக இறங்கி டெஸ்க்டாப்பை ஓட்டும். இறங்கும் அந்த ஒரு படியில்தான் ஹோம் மாறி தவறுகிறது. பயனர் மாறிவிட்டார், ஹோம் மட்டும் ‘/ரூட்’ என்றே நிற்கிறது. எக்ஸ்எஃப்சிஇ தன் அமைப்புகளை அங்கே எழுதப் பார்க்கும், அனுமதி கிடைக்காது. பேனல் இல்லாத அரைகுறைத் திரையோ, ஒவ்வொரு முறையும் முதன்முறை போலக் கேள்வி கேட்கும் டெஸ்க்டாப்போ வரும்.

இறங்குவதற்கு கோசு என்ற சிறு நிரலைப் பரிந்துரைக்கிறேன். அது ஹோம் மாறியைப் பயனருக்கு ஏற்ப மாற்றிவிடும், நடுவில் தானும் ஒரு ப்ராசஸாக உட்கார்ந்திருக்காது. ‘எஸ்யு -’ என்று கோடு சேர்த்துப் போட்டால் சூழல் முழுவதும் துடைக்கப்படும். சுடோவும் அதன் இயல்பான அமைப்பில் பெரும்பாலான மாறிகளைக் களைந்துவிடும். இவை வேண்டாம்.

இறங்குவதற்கு முன்னால் ரூட்டாக இருக்கும்போதே செய்ய வேண்டியவை சில உண்டு. எக்ஸ் சர்வரின் சாக்கெட் இருக்கும் ‘/டெம்ப்/.எக்ஸ்11-யூனிக்ஸ்’ கோப்புறையை 1777 அனுமதியோடு உண்டாக்குங்கள். ‘எக்ஸ்டிஜி_ரன்டைம்_டிஐஆர்’ என்ற மாறி குறிக்கும் கோப்புறையைப் பயனர் பெயரில் 0700 அனுமதியோடு உண்டாக்குங்கள். பயனர் எண் ‘/எட்சி/பாஸ்டபிள்யூடி’ கோப்பில் பதியப்படாத எண்ணாக இருந்தால், அதாவது ‘--யூசர் 1005’ என்று யாராவது கொடுத்துவிட்டால், ஹோம் ‘/’ என்று ஆகிவிடும். அந்த நிலையில் ஸ்கிரிப்ட் தெளிவான பிழைச் செய்தியோடு நின்றுவிடுவதே நல்லது. தட்டுத்தடுமாறி ஓடும் டெஸ்க்டாப்பைவிட நின்றுபோன டெஸ்க்டாப்பைச் சரிசெய்வது எளிது.

மிச்சம் கிடக்கும் கோப்புகள்

ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு மட்டும் வராத டெஸ்க்டாப்பை இப்போது பார்ப்போம். ‘டாக்கர் ரீஸ்டார்ட்’ என்பது அதே கன்டெய்னரை, அதே எழுதும் அடுக்கோடு மறுபடி எழுப்புவது. டெம்ப் கோப்புறையில் இருந்த எல்லாம் அப்படியே இருக்கும். அதில் ‘.எக்ஸ்1-லாக்’ என்ற பூட்டுக் கோப்பும் அடக்கம்.

எக்ஸ் சர்வர் எழும்போது டிஸ்ப்ளே 1க்கான பூட்டுக் கோப்பைப் பார்க்கிறது. கோப்புக்குள் பழைய சர்வரின் ப்ராசஸ் எண் எழுதியிருக்கும். அந்த எண்ணில் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று கெர்னலிடம் கேட்கிறது. யாரும் இல்லை என்றால் பூட்டு காலாவதியானது என்று முடிவுகட்டி, தானே அழித்துவிட்டு மேலே போகும். இந்த முறை ஒரு முழுக் கணினிக்கு நன்றாகவே பொருந்தும். அங்கே ப்ராசஸ் எண்கள் ஆயிரக்கணக்கில் பரவிக் கிடக்கும், பழைய எண்ணில் வேறு ஒருவர் அமர்வது அரிது. கன்டெய்னருக்குள் எண்கள் 1இலிருந்து தொடங்குகின்றன. ஒவ்வொரு முறையும் அதே ஸ்கிரிப்ட், அதே வரிசை. போன முறை எக்ஸ் சர்வர் 23ஆம் எண்ணில் ஓடியது என்றால், இந்த முறை 23இல் டி-பஸ்ஸோ ஷெல்லோ உயிரோடு நிற்க வாய்ப்பு அதிகம். ஆள் இருப்பதைப் பார்த்த எக்ஸ், டிஸ்ப்ளே 1இல் ஏற்கனவே சர்வர் ஓடுகிறது என்று சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறது. எண்கள் ஒன்றிரண்டு முன்பின்னாக அமைந்த நாளில் எல்லாம் சரியாக வந்துவிடும். ‘சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை’ என்ற புகாரின் பின்னால் இந்தக் காரணம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

விஎன்சிசர்வர் என்ற துணை ஸ்கிரிப்ட் வழியே கிளப்பினால் வேறு வடிவில் வரும். அதன் பல பதிப்புகள், பூட்டுக் கோப்பு இருந்தாலே அந்த டிஸ்ப்ளே எடுக்கப்பட்டுவிட்டதாகக் கருதி, எண் குறிப்பிடாதபோது அடுத்த எண்ணுக்கு நகர்ந்துவிடும். விஎன்சியின் போர்ட் 5900உடன் டிஸ்ப்ளே எண்ணைக் கூட்டினால் வருவது. சர்வர் 5902இல் நலமாக ஓடிக்கொண்டிருக்கும். நோவிஎன்சியை விஎன்சி சர்வரோடு இணைக்கும் வெப்சாக்கிஃபை 5901இன் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். லாகில் பிழையே இருக்காது. அதனால் டிஸ்ப்ளே எண்ணை எப்போதும் வெளிப்படையாக எழுதுங்கள்.

தீர்வு எளிது: என்ட்ரிபாயின்ட்டின் தொடக்கத்தில், எதையும் கிளப்பும் முன், அந்த டிஸ்ப்ளேயின் பூட்டுக் கோப்பையும் ‘.எக்ஸ்11-யூனிக்ஸ்’ கோப்புறையிலுள்ள அதன் சாக்கெட்டையும் அழித்துவிடுங்கள். கன்டெய்னர் இப்போதுதான் எழுகிறது. உள்ளே வேறு எக்ஸ் சர்வர் ஓட வழியே இல்லை, ஆகவே அழிப்பதில் ஆபத்து இல்லை. ஹோஸ்ட் கணினியின் எக்ஸ் சாக்கெட் கோப்புறையை உள்ளே மவுன்ட் செய்திருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அங்கே அழிவது உங்கள் சொந்தத் திரையின் சாக்கெட்டாக இருக்கலாம். ‘/ரன்/டிபஸ்/பிட்’ கோப்பும் இதே வகை. அது கிடந்தால் டி-பஸ் எழ மறுக்கும். இந்தச் சுத்தம் முழுவதையும் ஸ்கிரிப்டின் தலைப்பகுதியில் ஒரே இடத்தில் வையுங்கள்.

குரோமியத்தின் பூட்டு வேறு மாதிரி. தன் ப்ரொஃபைல் கோப்புறையில் ‘சிங்கிள்டன்லாக்’ என்ற இணைப்பை வைத்து, அதில் கணினிப் பெயரையும் ப்ராசஸ் எண்ணையும் எழுதுகிறது. கன்டெய்னரின் கணினிப் பெயர் இயல்பாக அதன் அடையாளக் குறியின் முதல் 12 எழுத்துகள். இமேஜைப் புதுப்பித்துப் புதிய கன்டெய்னர் எழுப்பினால் பெயர் மாறிவிடும். ஹோம் வால்யூமில் பழைய பூட்டு இருக்கும். வேறொரு கணினியில் யாரோ இந்த ப்ரொஃபைலைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று குரோமியம் திறக்க மறுக்கும். ‘--ஹோஸ்ட்நேம்’ கொடுத்து ஒரு நிலையான பெயர் வைப்பது இதற்கு மருந்து. ஒரே ஹோமை இரண்டு கன்டெய்னர்கள் பகிராத வரை, தொடக்கத்தில் அந்தப் பூட்டை அழிப்பதும் சரிதான்.

ஹோமின்மேல் வால்யூம்

இமேஜை பில்ட் செய்யும்போது ஹோம் கோப்புறையில் வைத்த அமைப்புக் கோப்புகள் ஓடும்போது காணவில்லையா? ஹோஸ்டின் கோப்புறையை அங்கே பைண்ட் மவுன்ட் செய்தால் இமேஜின் கோப்புகள் அழிவதில்லை, மறைந்துபோகின்றன. பெயரிட்ட வால்யூம் என்றால், அது காலியாக இருக்கும் முதல் முறை மட்டும் இமேஜில் இருப்பதை டாக்கர் பிரதியெடுத்து நிரப்பும். அதற்குப் பிறகு நீங்கள் இமேஜில், விஎன்சிக்குள் டெஸ்க்டாப்பைத் தொடங்கும் எக்ஸ்ஸ்டார்ட்அப் கோப்பை எத்தனை முறை திருத்தினாலும், வால்யூமில் இருக்கும் பழையதுதான் ஓடும். திருத்தம் ஏன் பலிக்கவில்லை என்று பில்ட் கேஷைச் சந்தேகித்து, அதைத் துடைத்து, மறுபடி பில்ட் செய்து அலைவது இதனால்தான்.

மூலப் பிரதிகளை ஹோமுக்கு வெளியே, ‘/எட்சி/ஸ்கெல்’ போன்ற இடத்தில் வைத்து, என்ட்ரிபாயின்ட் ஒவ்வொரு முறையும் பார்த்து, இல்லாதவற்றை மட்டும் ஹோமுக்குப் பிரதியெடுக்கட்டும். பயனர் தன் கையால் மாற்றியவை தப்பிக்கும். எக்ஸ்ஸ்டார்ட்அப் போல உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டியவற்றை ஹோமில் வைக்கவே வேண்டாம். அமைப்புக் கோப்புறையிலிருந்து நேரடியாக ஓட்டுங்கள்.

கருப்பா, இணைப்பே இல்லையா

இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது பாதி வேலையை முடித்துவிடும். கருப்போ சாம்பலோ, ஒரு திரை வந்துவிட்டால் வலைப்பின்னல், போர்ட், கடவுச்சொல், எக்ஸ் சர்வர் எல்லாம் சரி. தவறு டெஸ்க்டாப் அமர்வில். எக்ஸ்ஸ்டார்ட்அப்புக்கு ஓடும் அனுமதி இருக்கிறதா, டி-பஸ் அமர்வு இருக்கிறதா என்று பாருங்கள். ‘டிபஸ்-ரன்-செஷன்’ மூலம் எக்ஸ்எஃப்சிஇயைக் கிளப்பினால் அமர்வு பஸ் அதோடு பிறந்து அதோடு முடியும். அதற்கு முன் வரியில் ‘செஷன்_மேனேஜர்’, ‘டிபஸ்_செஷன்_பஸ்_அட்ரஸ்’ மாறிகளை அன்செட் செய்துவிடுங்கள். முதலில் நன்றாக வந்து, சற்று நேரம் கழித்துக் கருப்பாகிறது என்றால் ஸ்கிரீன்சேவர் பூட்டியிருக்கும். கடவுச்சொல்லே இல்லாத பயனரால் அந்தப் பூட்டைத் திறக்க முடியாது. அந்தப் பொதியை இமேஜிலிருந்து நீக்கிவிடுங்கள்.

இணைப்பே வரவில்லை என்றால் விஎன்சி எந்த முகவரியில் கேட்கிறது என்று பாருங்கள். 127.0.0.1இல் மட்டும் கேட்கும் சர்வரை, போர்ட்டை வெளியிட்டாலும் வெளியிலிருந்து தொட முடியாது. அது அப்படியே இருக்கட்டும். வெப்சாக்கிஃபையை அதே கன்டெய்னருக்குள் வைத்து 6080ஐ மட்டும் வெளியிடுங்கள், அதையும் ஹோஸ்டின் 127.0.0.1 முகவரியில் கட்டி, முன்னால் டிஎல்எஸ் உள்ள ப்ராக்ஸி வையுங்கள். டாக்கர் வெளியிடும் போர்ட்டுகள் யுஎஃப்டபிள்யூ என்ற தீச்சுவரின் விதிகளைத் தாண்டிப் போய்விடும் என்பதால் அந்தச் சுவரை நம்ப முடியாது. விஎன்சியின் பழைய கடவுச்சொல் முறையில் முதல் 8 எழுத்துகளே கணக்கு. நீளமான கடவுச்சொல் வைத்துவிட்டோம் என்ற நிம்மதி வேண்டாம்.

தொடக்க வரிசையைப் பற்றி ஒன்று. எக்ஸ் சர்வர் தயாராவதற்கு முன் சாளர மேலாளர் கிளம்பினால் டிஸ்ப்ளே திறக்கவில்லை என்று செத்துப்போகும். இதற்கு ‘ஸ்லீப் 5’ என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. உங்கள் கணினியில் ஐந்து நொடி போதும். சுமை ஏறிய சர்வரில் போதாது. எக்ஸ்டிபிஒய்இன்ஃபோ கட்டளை வெற்றி தரும்வரை அரை நொடிக்கு ஒருமுறை கேட்கும் சுழலை எழுதி, அதற்கு ஓர் உச்ச வரம்பும் வையுங்கள். எக்ஸ் சர்வரின் ‘-டிஸ்ப்ளேஎஃப்டி’ தேர்வு இன்னும் நேர்த்தி. தயாரானதும் தன் எண்ணைத் தானே எழுதிச் சொல்லும்.

உலாவியில் பக்கங்கள் அடிக்கடி உடைந்தால் பகிர்வு நினைவகம் காரணமாக இருக்கலாம். டாக்கர் ‘/டெவ்/எஸ்ஹெச்எம்’ கோப்புறைக்கு இயல்பாகத் தருவது 64 எம்பி. ‘--எஸ்ஹெச்எம்-சைஸ்’ கொடுத்து 1 ஜிபி ஆக்குங்கள்.

தமிழ் தெரிவதும் தமிழில் தட்டுவதும்

தமிழ் எழுத்து வரவேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள் தெரிந்தால் எழுத்துரு இல்லை. ‘எஃப்சி-லிஸ்ட்’ கட்டளையை ‘லாங்=டிஏ’ என்ற வடிகட்டியோடு ஓட்டுங்கள்; எதுவும் வராவிட்டால் நோட்டோ அல்லது லோகித் தமிழ் எழுத்துருப் பொதியை இமேஜில் சேர்க்க வேண்டும். கட்டங்களுக்குப் பதில் கேள்விக்குறிகளோ, டெர்மினலில் கோப்புப் பெயருக்குப் பதில் 340, 256 என்ற எண்கள் திரும்பத் திரும்பவோ வந்தால் எழுத்துருவைத் தேடாதீர்கள். தமிழ் எழுத்துகள் யுடிஎஃப்-8இல் தொடங்கும் பைட்டுகளின் எட்டடிமான வடிவம் அது. லாங் மாறி அமைக்கப்படாததால் நிரல் அவற்றை எழுத்தாகப் படிக்கவில்லை. ‘சி.யுடிஎஃப்-8’ என்ற மதிப்பு டெபியனின் சிறிய இமேஜ்களிலும் தனிப் பொதி இல்லாமல் வேலை செய்யும். லாங் சரியாக இருந்தும் பலிக்காவிட்டால் ‘எல்சி_ஆல்’ மாறியைப் பாருங்கள், அது எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு நிற்கும்.

நேரமும் இப்படித்தான். டிஇசட் மாறிக்கு ‘ஏஷியா/கொல்கத்தா’ என்றோ ‘ஏஷியா/கொழும்பு’ என்றோ கொடுத்தும் கடிகாரம் யுடிசியிலேயே நின்றால் இமேஜில் டிஇசட்டேட்டா பொதி இல்லை. பிழை எதுவும் காட்டாமல் பேசாமல் யுடிசிக்குப் போய்விடும் என்பதால் இதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

தமிழ்99 தட்டச்சுக்கு ஐபஸ், அதன் எம்17என் பொதி இரண்டும் தேவை. நிறுவிய பிறகும் தட்டச்சு வராவிட்டால் ‘ஜிடிகே_ஐஎம்_மாட்யூல்’, ‘க்யூடி_ஐஎம்_மாட்யூல்’ இரண்டுக்கும் ‘ஐபஸ்’ என்றும், ‘எக்ஸ்மாடிஃபையர்ஸ்’ மாறிக்கு ‘@ஐஎம்=ஐபஸ்’ என்றும் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். இவை எக்ஸ்எஃப்சிஇ கிளம்பும் முன்னரே சூழலில் இருக்க வேண்டும். டெர்மினலில் பிறகு எக்ஸ்போர்ட் செய்தால் அந்த டெர்மினலிலிருந்து திறக்கும் நிரலுக்கு மட்டுமே பயன். ஐபஸ் டீமனும் அதே டி-பஸ் அமர்வுக்குள் பிறந்திருக்க வேண்டும். ‘டாக்கர் எக்ஸெக்’ வழியே தனியாகக் கிளப்பினால் அது வேறொரு பஸ்ஸில் போய் உட்காரும், டெஸ்க்டாப்பில் உள்ள எழுதுநிரலுக்கு அது தெரியவே தெரியாது. எக்ஸ்எஃப்சிஇயின் தானியங்குத் தொடக்கப் பட்டியலில் ஐபஸ் டீமனைச் சேர்த்துவிட்டு, எழுதுநிரலின் ‘என்விரான்’ கோப்பையும் டீமனின் ‘என்விரான்’ கோப்பையும் அருகருகே வைத்து, டி-பஸ் முகவரி இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.